லெஃப்ட் தைத்த முழுச் சட்டை

எங்கள் மாடியில் எதிர் வீட்டுக்காரிக்கு லெஃப்ட் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது கரண்ட் பில்லில் வருவதோடு சரி. அவள் வேலை பார்க்கும் சட்டைத் தொழிற்சாலையில் ஆளுக்கு ஒரு துண்டு வேலை. ஒருத்தி காலர் மட்டும் வைப்பாள். ஒருத்தி பட்டன் ஓட்டை மட்டும் போடுவாள். இவள் இடது கையை மட்டும் ஏற்றுவாள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்தரை வரைக்கும் இடது கை, இடது கை, இடது கை. இப்படியே பதினோரு வருஷம். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏ காலர், ஏ பட்டன், ஏ லெஃப்ட் என்றுதான் மெஷின் இரைச்சலுக்கு மேலே சத்தம் போடுவார்களாம். அந்தப் பெயர் அவளோடு பஸ் ஏறி எங்கள் கட்டடத்துக்கும் வந்துவிட்டது.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். எனக்கு ரேடியோ ரிப்பேர். கடை என்று தனியாகக் கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. ஏழடி நீளத்துக்கு ஒரு மேஜை, அதன் மேல் குடல் வெளியே தெரியக் கிடக்கும் ரேடியோக்கள், அவற்றுக்குப் பின்னால் நான். ஈயம் உருக்குகிற புகை வெளியே போவதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். எதிர் வீட்டில் நடப்பதெல்லாம் தானாக வந்து காதில் விழும். அதை ஒட்டுக்கேட்பது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் தனிக்கட்டை. எனக்கும் பொழுது போக வேண்டாமா.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் படிகளை இரண்டு இரண்டாகத் தாவி ஏறி வருகிற சத்தம் கேட்டது. பருத்த உடம்பு, மற்ற நாட்களில் படிக்கு ஒரு பெருமூச்சு விட்டுத்தான் ஏறுவாள். வந்தவள் தன் வீட்டுக்குப் போகாமல் என் வாசலில் நின்றாள். மூச்சு வாங்குகிறது, வாயெல்லாம் பல், நெற்றியில் பஞ்சுத் தூசி அப்படியே ஒட்டியிருக்கிறது.

தொழிற்சாலையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். சாம்பிள் அறைக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். கீழே தையல் லைனில் இருப்பவர்களே வரலாம். ஒரு நிபந்தனை: தனக்கென்று தானே வரைந்து, வெட்டி, தைத்த உடையைப் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறையில் போய் நிற்க வேண்டும்.

சாம்பிள் அறையில் ஜன்னல் இருக்கிறது. முதுகு சாய்க்க நாற்காலி இருக்கிறது. அங்கே உட்காருகிறவர் ஒரு சட்டையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தானே தைப்பார். காகிதத்தில் இருப்பது முதன்முதலாகத் துணியாவது அங்கேதான். அதைப் பார்த்துத்தான் கீழே ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். கடலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசுவார்களே, அப்படிப் பேசினாள்.

"அண்ணா, இத்தன வருஷமா நான் தச்ச கை ஒருத்தர் தோள்ல இருக்கறத நான் பாத்ததே இல்ல. தப்பித் தவறி ரோட்டுல யாராவது அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனாலும் எனக்கு அடையாளம் தெரியாது. ஒரே ஒரு தடவ முழுசா ஒண்ணு தைக்கணும். அதப் போட்டுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போகணும். இது கெடைக்கலன்னா நான் சாகற வரைக்கும் லெஃப்டுதான்."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டிரைவருக்கு இந்த விஷயம் அவ்வளவாகப் புரியவில்லை. கடையில் நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போய் நானே தைத்தேன் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டுவைத்தார். அடுத்த இரண்டு நாள் அவருக்கு வந்த டீயில் சர்க்கரை இல்லை. மூன்றாம் நாள் அவரே துணிக்கடைக்குக் கூடவே போய், பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

துணி எனக்கும் பிடித்திருந்தது. கரும்பச்சை, அதில் வெள்ளைப் புள்ளிகள். ஒரு முகம் மட்டும் அச்சு. திருப்பிப் பார்த்தால் பத்து வருஷம் துவைத்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். அந்த ரகத்தில் சுருளின் கடைசித் துண்டு அதுதான், இனிமேல் வராது என்று கடைக்காரர் சொன்னாராம். அளவு மட்டுமட்டாக இருந்தது.

என்னுடைய பழைய சர்க்யூட் படங்களின் முதுகில்தான் அவள் வரைந்தாள். எத்தனை சட்டை வரைந்தாள் என்று எண்ணவில்லை. கழுத்து வட்டமாக வந்தது, சதுரமாக மாறியது, காலர் முளைத்தது, காலர் போனது, மறுபடி சின்னதாக வந்தது. கடைசியில் நின்றது முழங்கால் தொடும் நீளச் சட்டை. முன்னால் ஒன்பது பட்டன், முழுக்கை, இரண்டு பக்கமும் பை. அந்தப் பைகள் மட்டும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை மாறவே இல்லை. அவள் தொழிற்சாலையில் பெண்களுக்குத் தைக்கும் சட்டைகளில் பைக்கு மூடி மட்டும் இருக்குமாம். மூடியைத் தூக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காதாம். அதை நினைத்து அவளுக்குப் பதினோரு வருஷக் கோபம். மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போகிற மாதிரி பை வைப்பேன், சாவி, கைக்குட்டை, பஸ் பாஸ், ஒரு பன் எல்லாம் போட்டுக்கொண்டு கையை வீசி நடப்பேன் என்றாள்.

இதில் இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். லைனில் இவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பவள் ரைட். இவள் இடது கையை ஏற்றி அந்தப் பக்கம் தள்ளுவாள்; அவள் வலது கையை ஏற்றி அடுத்த ஆளுக்குத் தள்ளுவாள். அவளும் பதினோரு வருஷம்தான். இவள் எவ்வளவு பருமனோ அவள் அவ்வளவு ஒல்லி. இவள் சாப்பாட்டில் பாதி அவளுக்கு, அவள் வீட்டு வம்பில் பாதி இவளுக்கு. அவளும் அந்த அறைக்குப் போட்டியிடுகிறாள். இரண்டு பேரும் புதன்கிழமையே பேசிவைத்துக்கொண்டார்கள்: திங்கட்கிழமை வரைக்கும் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது, துணி என்ன நிறம் என்றுகூடக் கேட்கக்கூடாது. அதனால் நான்கு நாட்களாக எதிரெதிரே உட்கார்ந்து வானிலை பற்றி மட்டும் பேசினார்களாம். இவ்வளவு வானிலை எந்த ஊரிலும் இருக்காது.

வெள்ளிக்கிழமை என் மேஜை காலியானது. ரேடியோக்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். செய்தித்தாளை ஒட்டி அவள் அளவுக்குக் காகிதம் வெட்டினாள். தன் உடம்பைத் தானே அளப்பது சிரமம். டிரைவர் டேப்பைப் பிடித்தார். ஒவ்வொரு அளவையும் பஸ் ஸ்டாப் பெயர் மாதிரி உரக்கச் சொன்னார், நான் எழுதினேன். இடுப்பு வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினார். அதற்கும் திட்டு வாங்கினார்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை; மத்தியானம் வெட்டு. ஜன்னல் வழியாகக் காற்று துணியைத் தூக்கியது. கனமாக ஏதாவது வேண்டும் என்றாள். செத்துப்போன டிரான்ஸ்ஃபார்மர்களை வரிசையாக எடுத்துக் கொடுத்தேன். துணியை அச்சு மேலே தெரிய ஒற்றையாக விரித்து, காகிதத்தை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிக்கொண்டே போனாள். முதுகு. இரண்டு முன்பக்கம். காலர். பைகள். கைக்கான காகிதம் ஒன்றுதான். அதை இரண்டு முறை வைத்து இரண்டு கை வெட்டினாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. கத்தரிக்கோல் துணியைக் கடித்துக்கொண்டு போகிற சத்தம் மட்டும் நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அவளுடைய மெஷின் மேஜை மேல் வைக்கிற சின்ன ரகம். அதையும் என் அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தவள் தலை தூக்கவில்லை. டிரைவருக்கு அன்று விடுமுறை. வெங்காயம் வதக்கி முட்டை போட்டு ரொட்டியோடு கொண்டுவந்தார். அவள் ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். தோள் சேர்ந்தது. பக்கம் சேர்ந்தது. பைக்குள் தன் கையை விட்டுப் பார்த்து, என் கையை விடச் சொல்லி, டிரைவர் கையையும் விடச் சொன்னாள். காலர் நின்றது. இடது கை நான்கு நிமிஷத்தில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டுகூட ஏற்றியிருப்பாள். வலது கை கொஞ்சம் முரண்டு பிடித்தது. தண்ணீர் தெளித்து, இழுத்து, ஊசி குத்தி எப்படியோ ஏற்றிவிட்டாள். பகல் ஒரு மணிக்கு ஒன்பதாவது பட்டனும் முடிந்தது.

போட்டுக்கொண்டு வந்து நின்றாள். உள்ளதைச் சொல்கிறேன், அவளை அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. பைகளில் கைகளை விட்டுக்கொண்டு நிலை வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் நான்கு நடை நடந்தாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

டிரைவருக்கு உடுப்பைச் சோதிக்க ஒரே ஒரு முறைதான் தெரியும். "பஸ்ல நிக்கற மாதிரி கம்பியப் புடி பாக்கலாம்" என்றார்.

இடது கையைத் தூக்கினாள். சட்டை அழகாகக் கூடவே போனது. வலது கையைத் தூக்கினாள். முதுகில் ஒரு பெரிய மடிப்பு இழுத்துக்கொண்டது, முன்னால் தோளுக்குக் கீழே பொதிமாதிரி உப்பியது, காலரே ஒரு பக்கம் சாய்ந்தது. கையை இறக்கினால் சட்டைக்கை மட்டும் பின்னோக்கித் திரும்பி நின்றது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் போட்டு, இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக வைத்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டுமே இடது கை. கையின் மேல்வளைவில் முன்பக்கம் கொஞ்சம் அதிகமாகக் குடைந்திருக்க வேண்டுமாம், பின்பக்கம் தாராளமாக இருக்க வேண்டுமாம். ஒற்றைத் துணியில் வெட்டும்போது ஒரு கை வெட்டியதும் காகிதத்தைத் திருப்பிப் போட்டால்தான் மற்றது வலது கையாகும். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றாள். ஆனால் பதினோரு வருஷமாக அவள் மேஜைக்கு வந்த கைத்துணிக் கட்டுகளில் எல்லாம் இடது என்கிற ஒரே முகம். அவள் கைக்கு வேறு முகம் தெரியாமலே போய்விட்டது.

நான் ஒரு யோசனை சொன்னேன்: அந்தக் கையை மட்டும் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பித் தைத்தால் வலது கை ஆகிவிடாதா. ஆகும், ஒரு கை மட்டும் சாயம் போனதாக நிற்கும் என்றாள். மிச்சத் துணியைத் தேடினோம். கைக்குட்டை அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை. கடை ஞாயிற்றுக்கிழமை மூடி. திறந்திருந்தாலும் அந்தத் துணி வராது. டிரைவர் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம் கழித்து அவளே எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரைட்டுகிட்ட போறேன்" என்றாள்.

டிரைவர் தயங்கினார். போட்டியிடுகிறவளிடமே போய் நிற்பதா என்றார்.

"வலது கை எப்படி இருக்கும்னு தெரிஞ்சவ இந்த ஊர்ல அவ ஒருத்திதான். துணிக்கு என்ன வழின்னு அப்புறம் பாக்கலாம். அண்ணா, நீங்க கூட வாங்க. என்னத் தனியாப் பாத்தா வேவு பாக்க வந்துட்டேன்னு கதவச் சாத்திடுவா."

மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நான்கு தெரு நடந்தோம். சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். ரைட் குடியிருப்பது ஒரு சாவிக் கடைக்கு மேலே, ஒற்றை அறை. தட்டினோம். உள்ளே ஏதோ அவசரமாக மூடுகிற சத்தம். கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து எட்டிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

லெஃப்ட் பையிலிருந்து சட்டையை எடுத்து, இரண்டு கைகளையும் பிடித்து விரித்துக் காட்டினாள். ரைட் பார்த்தாள். ஒரு கையைத் தொட்டாள், மறு கையைத் தொட்டாள். அப்புறம் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிக்காத. நான் என்ன வயித்தெரிச்சல்ல வந்திருக்கேன், நீ சிரிக்கறியா?"

அவள் பின்னால் கையை நீட்டி, கட்டில் மேல் போர்வைக்கடியில் மறைத்திருந்ததை இழுத்தாள். மஞ்சளில் மெல்லிய கறுப்புக் கோடு போட்ட சட்டை. இடுப்புவரைக்கும்தான், முன்னால் சாய்வாகப் பட்டன். அதற்கும் இரண்டு கை இருந்தன. இரண்டுமே வலது கை.

"காலைலேர்ந்து அழுதுக்கிட்டிருக்கேன்டி" என்றாள் ரைட்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் சாவிக் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த கையோடு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு சட்டைகளையும் பார்த்தார்கள். ஒருத்தியிடம் இடது கை ஒன்று உபரி, மற்றவளிடம் வலது கை ஒன்று உபரி. அதை யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி.

ரைட்தான் சொன்னாள். "என் கைய நீ எடுத்துக்க. உன் கைய எனக்குக் குடு."

"தானே வெட்டித் தச்சதுன்னு போட்டிருக்கேடி."

"ஆமா. கேட்டா சொல்லிடுவோம்."

"கேக்கலன்னாலும் சொல்லிடுவோம்" என்றாள் லெஃப்ட். "ஏத்தறது மட்டும் அவங்கவங்க சட்டைக்கு அவங்கவங்கதான் ஏத்தணும். என் சட்டைல நீ ஊசி வைக்கக் கூடாது."

ரைட்டின் மெஷினை நான் சுமந்துகொண்டு வந்தேன். மூன்று மணிக்கு என் மேஜையின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, லைனில் உட்காருகிற மாதிரியே. டிரைவர் டீ போட்டார். முதலில் பிரிப்பு: இவள் பச்சைச் சட்டையின் வலது தோளில் இருந்த கை கழன்று அந்தப் பக்கம் போனது; அவள் மஞ்சள் சட்டையின் இடது தோளில் இருந்தது கழன்று இந்தப் பக்கம் வந்தது. வைத்துப் பார்த்ததும்தான் அடுத்த இடி. ஒல்லிக்கு வெட்டிய கை இவள் தோள் வளைவுக்கு மூன்று விரல் போதவில்லை. பருமனுக்கு வெட்டிய கை அவளுக்கு மூன்று விரல் மிஞ்சியது.

ரைட் சிக்கலைச் சீக்கிரம் தீர்த்துவிட்டாள். மிஞ்சியதைத் தோள் உச்சியில் சின்னச் சின்னச் சுருக்கமாகப் பிடித்தாள். கொஞ்சம் புஸ்ஸென்று நின்றது, பார்க்க நன்றாகவே இருந்தது. இவளுக்குத்தான் வழி இல்லை. மஞ்சள் கையை மடியில் வைத்து நீட்டியும் மடித்தும் பார்த்தாள். பிறகு தன் சட்டையை எடுத்து, வலது பைக்குள் கையை ஒருமுறை கடைசிவரை விட்டாள். வெளியே எடுத்தாள். கத்தரிக்கோலின் நுனியால் பையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, பைய ஏம்மா பிரிக்கற" என்று டிரைவர் பதறினார். அந்தப் பையின் வரலாறு அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னொண்ணு இருக்கில்ல. போதும்."

பை உள்ளே இருந்த பச்சைத் துணியை நீளவாக்கில் வெட்டி ஒட்டுப்போட்டு, அக்குளில் அகலமாகவும் மணிக்கட்டில் குறுகலாகவும் ஒரு துண்டாக்கினாள். மஞ்சள் கையின் அடித்தையலைப் பிரித்து அந்தத் துண்டை நடுவில் வைத்து மூடினாள். கையைத் தொங்கவிட்டால் துண்டு தெரியாது. தூக்கினால் மஞ்சளுக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு, அதில் நான்கைந்து வெள்ளைப் புள்ளி. பையின் வாயைத் தைத்து மூடினாள். அப்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இனி ஏற்ற வேண்டும். இரண்டு பேரும் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு பயந்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், லட்சக்கணக்கில் கை ஏற்றியவர்கள் இரண்டு பேரும்.

"எனக்கு ரைட் வராதுடி."

"எனக்கு மட்டும் லெஃப்ட் வந்துடுமா? நீ செய்யறத பதினோரு வருஷமா பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்த தைரியம்தான். நீயும் என்னப் பாத்திருப்ப இல்ல?"

"பாத்திருக்கேன். நீ பாதி வழில ஒருதடவ நிறுத்தி, கட்டவிரலால துணிய உள்ள தள்ளுவ."

"அதான். அந்த இடத்துல தள்ளு. நீ ஆரம்பிக்கும்போது மூச்ச இழுத்துப்ப, அது எதுக்கு?"

"அது எதுக்குன்னு எனக்கே தெரியாது. நீயும் இழுத்துக்க."

இரண்டு மெஷினும் ஒன்றாக ஓடின. இவள் அவளுக்குச் சொல்ல, அவள் இவளுக்குச் சொல்ல, முன்பக்கத்தைத் தளரவிடு, இப்போது இழுக்காதே, ஊசியைத் துணிக்குள் நிறுத்திவிட்டுத் திருப்பு என்று மழைச் சத்தத்துக்கு மேலே ஒரே கூச்சல். நானும் டிரைவரும் டீயை ஆறவிட்டுவிட்டு, கடைசி ஓவர் கேட்கிறவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். விளக்குப் போடுகிற நேரத்துக்கு முடித்தார்கள். டிரைவர் கம்பியைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள். பச்சை உடம்பில் ஒரு மஞ்சள் கை, மஞ்சள் உடம்பில் ஒரு பச்சைக் கை, மடிப்பில்லாமல் கூடவே எழுந்தன. டிரைவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்.

திங்கட்கிழமை நான் ஒரு ரேடியோவைத் திறந்துவைத்துக்கொண்டு நாள் பூராவும் ஒரு திருகுகூடக் கழற்றவில்லை. ஆறரைக்குப் படியில் சத்தம். இரண்டு இரண்டாக அல்ல, மூன்று மூன்றாகத் தாவி வந்தாள். கிடைத்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கப்படவில்லை.

நடந்ததை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். ஒன்பது பேர் போயிருந்தார்களாம். சாம்பிள் அறையின் தலைவி, மாஸ்டரம்மா என்று அழைப்பார்கள், ஒவ்வொரு உடையையும் கழற்றச் சொல்லி, உள்பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாராம். இவர்கள் முறை வந்ததும் கேட்பதற்கு முன்பே இரண்டு பேரும் உண்மையைக் கொட்டிவிட்டார்கள். மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். இவள் அக்குளுக்குக் கீழே அந்தப் பச்சைத் துண்டை விரலால் தடவி, இது எங்கிருந்து என்று கேட்டார். பையிலிருந்து என்றாள். மூடிய பைவாயைத் தேடினார், கண்டுபிடிக்க நேரமானது.

"பெருசைச் சின்னதாக்க எல்லாருக்கும் தெரியும்மா. சின்னதைப் பெருசாக்கி, ஒத்துவராததை ஒத்துவர வைக்கறதுதான் இந்த ரூம் வேலை" என்று சொல்லி, ஜன்னல் பக்கத்து நாற்காலியைக் காட்டினாராம்.

"ரைட்?" என்று கேட்டேன்.

லெஃப்டின் முகம் கொஞ்சம் வாடியது. அவள் இவள் கையை ஒருதடவை அழுத்திவிட்டுக் கீழே லைனுக்குப் போய்விட்டாளாம். மாலையில் ஒரே பஸ்தான், டிரைவர் ஓட்டியது. இரண்டு பேரும் நின்றுகொண்டு வந்தார்கள். இவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்திருந்த ஒரு அம்மா, இந்த ஜோடிச் சட்டை எந்தக் கடையில் என்று விசாரித்தாராம். கடையில் கிடைக்காது, நாங்கள் தைத்தது என்று ரைட்தான் பதில் சொன்னாளாம். இறங்கும்போது மட்டும், "நாளைலேர்ந்து உன் கையையும் நானே தைக்கணும்னு சொல்லிட்டாங்கடி" என்றாளாம். பஸ் கண்ணாடியில் இரண்டு கைகளும் உயர்ந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு ஸ்டாப்பில் நிறுத்தவே மறந்துவிட்டதாக டிரைவர் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ரைட்டின் நினைப்பாகவே இருந்தது. புது ஆள் வரும்வரைக்கும் எதிர் இடம் காலி. இடது, வலது இரண்டும் அவள் ஒருத்தி தலையில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளே வந்தாள். நல்ல வெயில். நேராக என் மேஜைக்கு வந்து, பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். மஞ்சளில் கறுப்புக் கோடு. ஒற்றைக் கை.

"இடது" என்றாள், எதிர் வீட்டிலிருந்து ஓடி வந்த லெஃப்டைப் பார்த்து. "நானே வெட்டி நானே தச்சது. அஞ்சே நாள்ல உன் வேலைய முழுசாக் கத்துக்கிட்டேன். அடுத்த தடவ அந்த ரூமுக்கு ஆள் கேட்டா, எவ கையும் எனக்கு வேணாம். உன் கையப் பிரிச்சு உன்கிட்டயே குடுத்துடறேன்."

லெஃப்ட் தன் வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவளிடமும் ஒரு கை இருந்தது. நல்ல நீலத் துணி, சாம்பிள் அறையில் வெட்டு மிச்சமாம், கேட்டு வாங்கிக்கொண்டாளாம். வலது கை. அவள் அளவு.

இரண்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார்கள். ரைட் நீலக் கையை விரலால் தடவிப் பார்த்தாள், முன்வளைவைப் பார்த்தாள், தையலைத் திருப்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். கத்தரிக்கோல் மேஜையில்தான் இருந்தது. இரண்டு பேரும் போட்டிருந்தது அந்தச் சட்டைகள்தான். யாரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

"இதப் பிரிக்க மனசு வரலடி" என்றாள் ரைட், தன் தோளில் புஸ்ஸென்று நின்ற பச்சையைத் தொட்டுக்கொண்டு.

"எனக்கும்தான்."

"அப்ப இது ரெண்டையும் என்ன பண்றது? சரியான இடது ஒண்ணு, சரியான வலது ஒண்ணு."

"கை ரெண்டு ரெடி. உடம்புதான் வேணும்" என்றாள் லெஃப்ட்.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு இருப்பது இரண்டு சட்டை. அன்று போட்டிருந்ததில் மூன்றாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு. பல வருஷமாக அந்த ஊக்கை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இவரும் என்ன மாதிரி ஒல்லிதானே, என் கை அப்படியே சேரும்" என்றாள் ரைட்.

"என்னுதுல மூணு விரல் உள்ள வாங்கிக்கலாம். அண்ணா, எழுந்திருங்க."

வேண்டாம்மா, ஒரு கை மஞ்சள், ஒரு கை நீலம், தெருவில் நடக்க முடியாது என்று என்னென்னவோ சொன்னேன். டிரைவர் என்னைப் பிடித்து எழுப்பி நிறுத்திவிட்டு, பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டார். இடது பக்கம் ஒருத்தி, வலது பக்கம் ஒருத்தி வந்து நின்றார்கள். டேப்பின் ஒரு நுனி இந்தத் தோளில், மறு நுனி அந்தத் தோளில். என் தோளை யாராவது தொட்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று யோசித்தேன், கணக்கு வரவில்லை.

"நிமிந்து நில்லுங்க அண்ணா" என்றாள் லெஃப்ட். "கூனிக்கிட்டு நின்னா அளவு தப்பாயிடும்."

நிமிர்ந்து நின்றேன்.

"பை வைக்கணுமா?"

"ரெண்டு பக்கமும்" என்றேன்.